பொறிவண்டுகளோடு ஸ்ரீரங்கத்தில்

பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்ட எல்லோரிடமும் உண்மையைத்தான் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது ஓர் உத்தியோகத்தர் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கப் பார்த்தார், பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். தனுஷ்கோடியில் இன்னொருவர் என் அநுமதிச் சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தியாவில் வண்டுகளுக்குப் பஞ்சம் என்று உமக்கு யார் சொன்னது என்று இங்கிலீஷில் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்ததால் சிரித்து வைத்தேன்.

விஷயம் இதுதான். என் அக்கா சேர்வராயன் மலையில் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று வைத்திருக்கிறாள். அத்தான் அந்த மலையில் ஒரு துரையின் எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தவர். சொந்தமாக நிலம் வாங்கிச் செடி வைத்தார். செடி காய்க்கும் முன்பே காலமாகிவிட்டார். யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடு என்று நாங்கள் எல்லோரும் எழுதினோம். அக்கா அசையவில்லை. அங்கே வந்தால் ஏதாவது ஒரு தம்பி வீட்டு மூலையில் உட்கார்ந்து அவன் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட வேண்டும், இங்கே நான் நட்ட செடி இருக்கிறது என்று பதில் எழுதினாள்.

அந்தச் செடிகளில்தான் இப்போது மாவுப்பூச்சி. அரிசி மாவைத் தூவியதுபோல் கணுக்களிலும் காய்க்கொத்துகளிலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. சோப்புத் தண்ணீர் தெளித்தாள், புகையிலைக் கஷாயம் அடித்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. இந்த வருஷமும் காய் உதிர்ந்தால் தோட்டத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாள். அக்காவின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. 

நான் உத்தியோகம் பார்ப்பது கண்டிச் சீமையில் ஒரு விவசாயப் பண்ணையில். மாவுப்பூச்சியைத் தின்றே உயிர் வாழும் ஒரு ஜாதிப் பொறிவண்டை அங்கே வளர்க்கிறோம். மிளகளவுதான் இருக்கும், கறுப்பு உடம்பு, செம்மஞ்சள் தலை. மேலதிகாரியின் கையைக் காலைப் பிடித்து ஒரு பெட்டி வாங்கினேன். வண்டுகள் பாதி, வண்டாக வேண்டிய குஞ்சுப் புழுக்கள் பாதி. ஆனால் மாவுப்பூச்சியைக் கடல் தாண்டிக் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே வழிச்சாப்பாடு தேனில் நனைத்த பஞ்சுதான். இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும். இரண்டு நாளில் மலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கணக்கைக் காவேரி அழித்தது. திருச்சிராப்பள்ளி ஜங்ஷனில் இறங்கி ஈரோட்டு வண்டியைத் தேடினால், ஆடி வெள்ளம் கரூருக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணை வாரிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். எப்போது வண்டி விடுவீர்கள் என்று கேட்டேன். "அதைக் காவேரிகிட்டதான் கேக்கணும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. கிணற்றில் துலா மிதித்து வளர்ந்தவன் நான். ஓர் ஆறு நினைத்தால் ரயிலை நிறுத்தும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் அறை கிடைத்தது. மணியக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு மலையாளமா என்றார். தமிழ்தான் ஐயா, யாழ்ப்பாணம் என்றேன். அப்படியா, மலையாளத்துக்காரர்களில் உங்களைப்போல் நன்றாகத் தமிழ் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை என்று பாராட்டினார். பெட்டியை ஒரு முக்காலிமேல் வைத்து அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன், எறும்பு ஏறாமலிருக்க. அவர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பூஜைப் பெட்டி என்று முடிவு செய்துகொண்டார்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காப்பி கிளப்பில் பிராமணர்களுக்கு ஓர் அறை, மற்றவர்களுக்கு ஓர் அறை. நான் மற்றவர். ஆனால் இரண்டு அறைக்கும் ஒரே டவராவில் வந்த அந்தக் காப்பியைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கொத்தமல்லியும் சுக்கும் தட்டிப்போட்டு, காப்பிக்கொட்டைக்குத் தன் பெயரே மறந்துபோகும்படி செய்துவிடுவோம். இங்கே அதை அதாகவே விடுகிறார்கள். பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். இந்தக் கொட்டைக்காக ஒரு பெண்பிள்ளை மலையில் தனியாக என்ன பாடு படுகிறாள் தெரியுமா என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

திருச்சி வெயிலைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அநுபவிப்பது வேறு. மலைக்கோட்டைப் பாறை பகல் முழுவதும் குடித்த சூட்டை இரவு முழுவதும் ஊர்மேல் ஊதுகிறது. காலையில் பெட்டியின் வலைத்துணி வழியாகப் பார்த்தபோது வண்டுகளில் பாதிக்குமேல் மல்லாந்து கிடந்தன. குஞ்சுகள் உயிரோடு இருந்தாலும் வாடியிருந்தன. மாவுப்பூச்சி வேண்டும், அன்றைக்கே வேண்டும். மலையில் அக்காவை அழ வைக்கிற பூச்சியை நான் ஊர் ஊராகத் தேட வேண்டிய நிலை வந்தது.

மார்க்கெட்டுக்குப் போனேன். சீத்தாப்பழத்தின் கண்களுக்கு நடுவே மாவுப்பூச்சி குடியிருக்கும் என்பது தெரிந்ததுதான்; ஆடிக் கடைசியில் முதல் பழங்கள் வந்திருந்தன. கூடை வைத்திருந்த அம்மாளிடம் போய், வெள்ளை படிந்த பழமாகப் பார்த்துக் கொடுங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல பழம்தாங்க நம்மகிட்ட இருக்கு. பூச்சிப் பழத்தை நாங்க விக்கறதில்லீங்க" என்றபடி கூடையை முந்தானையால் மூடினார். நான் கெஞ்சக் கெஞ்ச அவருக்குச் சந்தேகம் வலுத்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் மாறுவேஷத்தில் வந்திருக்கிறார் என்று அடுத்த கடைக்குச் செய்தி போய்விட்டது. நான் நடக்க நடக்க எனக்கு முன்னால் வரிசையாகக் கூடைகள் மூடப்பட்டன.

கடைசியில் உதவியதும் அந்த அம்மாள்தான். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்ததோ என்னவோ, கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். அக்காவின் பேச்சு வந்ததும் முந்தானையை எடுத்துவிட்டார். பழத்தில் ஒரு பூச்சியும் இல்லை. "இதுக்கா அலையறீங்க? ஸ்ரீரங்கத்துல கொள்ளிடத்துக்கு இந்தாண்ட ஒரு நந்தவனம் இருக்கு. அங்க ஒரு ஐயங்கார் தெனமும் வெள்ளைப்பூச்சியைப் பொறுக்கி இலையில வச்சுக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போறாருங்க. என்னத்துக்குன்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினேன். வண்டிக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். காவேரிப் பாலத்தின் நடுவில் குதிரை நின்றுவிட்டது. கீழே செந்தண்ணீர் தூண்களில் மோதி இரைகிறது. குதிரை காதை மடக்கிக்கொண்டு அசைய மறுத்தது. பாய் சாட்டையைத் தொடவில்லை. இறங்கிப் போய் அதன் நெற்றியைத் தடவி, இன்ஷா அல்லாஹ் அந்தக் கரைக்குப் போய்விடலாம் என்று ஒரு குடும்பஸ்தனுக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் மாட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. பயாஸ்கோப் விளம்பர வண்டி ஒன்று தமுக்கடித்தபடி எங்களைக் கடக்கப் பார்க்க, அந்தச் சத்தத்துக்குப் பயந்து குதிரை பாய்ந்தது. ஸ்ரீரங்கம் எல்லைவரை நான் பெட்டியைக் கட்டிக்கொண்டே வந்தேன்.

நந்தவனம் கோயிலுக்கு வடக்கே இருந்தது. என் வயதுக்காரர் ஒருவர், நாற்பது இருக்கும், ஈரத் துண்டோடு நந்தியாவட்டைச் செடி முன் குந்தி நாணல் குச்சியால் எதையோ நெம்பி ஒரு தொன்னையில் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் மணவாளய்யங்கார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு மாலை கட்டிச் சமர்ப்பிக்கும் கைங்கர்யம். நான் ஆவலில் ஒரு கிளைமேல் குனிந்து பூச்சியைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து, ரொம்ப மரியாதையாக, அந்தச் செடியில் அன்றைக்குப் பூத்த பூக்களை எல்லாம் பறித்துக் கீழே போட்டார். நான் முகர்ந்துவிட்டேனாம். இன்னொருவர் முகர்ந்த பூ பெருமாளுக்கு ஆகாது. நான் பூச்சியைத்தான் பார்த்தேன் என்று சொல்லியும், மூக்கு அதே இடத்தில்தானே இருந்தது என்றார்.

தொன்னையில் மாவுப்பூச்சி நிறைய இருந்தது. ஏன் நசுக்கவில்லை என்று கேட்டேன்.

"பெருமாள் நந்தவனத்துல பொறந்து, அவருக்குச் சாத்தற செடியோட ரஸத்தையே சாப்பிட்ட ஜீவன்கள். நசுக்க அடியேனுக்குக் கை வரலை. வடதிருக்காவேரிக் கரையில ஒரு பூவரசு இருக்கு. அதுல கொண்டு போய் விட்டுடறது" என்றார். கொள்ளிடத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்கு ஆசைப்பட்டு எறும்புகள் அதைத் தூக்கித் திரும்பவும் செடிக்கே கொண்டுவருமே என்றேன். அது எறும்பு செய்கிற கைங்கர்யம், நாம் என்ன செய்ய முடியும் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த மனிதர் வருஷக்கணக்காகப் பொறுக்க, எறும்பு வருஷக்கணக்காகத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

நந்தவனத்திலிருந்து ஒரு சருகுகூட வேறு காரியத்துக்கு வெளியே போகக் கூடாதாம். ஆனால் பூவரசு வெளியே இருந்தது. அதில் உள்ள பூச்சிகளை என் வண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் முகம் வாடியது. உயிரோடு இருக்கட்டும் என்று விட்டவற்றை இரையாகக் கொடுப்பதா என்று தயங்கினார். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அடியேன்கிட்ட கேக்காதேங்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்றார். சொன்னபடியே திரும்பியும் கொண்டார்.

பூவரசைப் பார்த்ததும் எனக்குக் கும்பிடத் தோன்றியது. கிளை கிளையாக வெள்ளை. இரண்டு கொப்புகளை ஒடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். சத்திரத்துச் சூட்டில் வண்டுகள் பிழைக்கா என்பதால் பெட்டியை மாலை கட்டும் கொட்டகையில், தண்ணீர்ச் சால்களுக்கு நடுவே, அவர் பார்வையில் வைத்துவிட்டு வர அநுமதி கேட்டேன். வண்டு எது என்று ஒன்றை எடுத்துக் காட்டினேன். கறுப்பு உடம்பு, செம்மஞ்சள் தலை. பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்குப் புளியோதரைப் பிரசாதம் கொடுத்தனுப்பினார். அதற்கு ஈடான புளியோதரையை நான் இன்னும் எங்கும் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டுச் சொதியும் இடியப்பமும் மன்னிக்கட்டும்.

மறுநாள் போனபோது அவர் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது. பெட்டிக்குள்ளே பெரிய மாவுப்பூச்சிகள் பல மாட்டிக்கொண்டிருந்தனவாம். நன்றாக வளர்ந்த ஜீவன்கள், வெள்ளைச் சடை தொங்க, கதவைத் தேடுவதுபோல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தனவாம். சின்னதுகள் போனால் போகட்டும், இத்தனை வளர்ந்ததை எப்படித் தின்னக் கொடுப்பது என்று மனம் கேட்கவில்லையாம். ஒன்று விடாமல் எடுத்துப் பூவரசில் விட்டுவிட்டாராம்.

நான் பாய்ந்து போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இந்தப் பொறிவண்டு, குஞ்சாக இருக்கும்போது கறுப்பாக இருக்காது. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகுச் சடையோடு, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே, அதைவிடப் பெரிதாக இருக்கும். அவர் ஜீவகாருண்யத்தோடு விடுதலை செய்தது மாவுப்பூச்சியை அல்ல, என் குஞ்சுகளை. பெட்டியில் மிச்சம் ஐந்தாறு வண்டுகள். அவற்றை வைத்துக்கொண்டு அக்கா ஒரு செடியைக்கூடக் காப்பாற்ற முடியாது.

கோயில் பூ வளரும் இடத்தில் சொல்லக்கூடாத வார்த்தைகள் எல்லாம் சொன்னேன். உமக்குப் புண்ணியம் சேர என் அக்கா தெருவில் நிற்க வேண்டுமா என்று கேட்டேன். எங்கள் ஊர்த் தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, என் குரல் புரிந்தது. அவர் வேஷ்டியை இழுத்துச் செருகிக்கொண்டு கொள்ளிடத்தை நோக்கி வேகமாக நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

வெள்ளம் ஏறியிருந்தது. பூவரசின் வேரைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. மரம் முழுக்க வெள்ளை. அதில் எது குஞ்சு, எது பூச்சி? ஒரு வைக்கோலால் தொட்டுக் காட்டினேன். தொட்டால் மாவுப்பூச்சி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்; குஞ்சு எழுந்து ஓடும். அவர் உடனே பிடித்துக்கொண்டார். மொட்டு நசுங்காமல் பறித்துப் பழகிய விரல்கள் அவை. நான் ஒன்று எடுக்கும் நேரத்தில் அவர் நான்கு எடுத்தார். என் கையில் இரண்டு நசுங்கின. அவர் கையில் ஒன்றும் நசுங்கவில்லை.

ஓர் இடத்தில் அவர் நின்றுவிட்டார். போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சு, மாவுப்பூச்சி ஒன்றைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. தின்று முடித்து அடுத்ததற்குப் போனது. அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"யாரைக் காப்பாத்தினேன், யாரைக் கொன்னேன்னு அடியேனுக்கே தெரியலை" என்றார்.

என் கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. தெரியாமல் செய்தீர்கள், விடுங்கள் என்றேன். குஞ்சுகள் அங்கே நன்றாகத் தின்று கொழுத்திருந்தன என்பதையும் சொன்னேன். பெட்டியில் இருந்ததைவிட நல்ல நிலையில்தான் இருந்தன. அவருக்கு அது ஆறுதலாகப் படவில்லை. பொழுது சாயும்வரை பொறுக்கினோம். விட்டதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே திரும்பக் கிடைத்தது. இருட்டிய பிறகு எதுவும் தெரியவில்லை.

அடுத்த நாள் முழுவதும் தூறல். ஜங்ஷனுக்கு நடையாய் நடந்தேன். மாலையில் பாதை சரியாகிவிட்டது, காலையில் வண்டி உண்டு என்று தெரிந்தது. விடைபெற ஸ்ரீரங்கம் போனேன். மனம் கேட்காமல், குஞ்சுகளில் கொஞ்சத்தை உங்கள் நந்தவனத்தில் விட்டுப் போகட்டுமா, பூச்சியும் தீரும், பூவும் பெருகும் என்று கேட்டேன். அந்த வாரம் பாதிச் செடி மொட்டுக் கருகி அவர் பூவுக்குத் திண்டாடியதைப் பார்த்திருந்தேன்.

"வேண்டாம். எனக்குக் கை இருக்கு. இத்தனை நாள் பொறுக்கினேன், நாளைக்கும் பொறுக்குவேன். உங்க தமக்கையாரால ஒரு மலையைக் கையாலே பொறுக்க முடியுமா?" என்றார்.

 பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்காவின் தோட்டம் என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியிலிருந்தவை மலைக் குளிரில் வண்டாகிப் பெருகின. அந்த வருஷம் பாதித் தோட்டம் காய்த்தது. அடுத்த வருஷம் முழுவதும். அக்கா இன்றைக்கும் மலையில்தான் இருக்கிறாள். நாங்கள்தான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறோம்.

ஆனால் நான் திருச்சியை நினைக்கும்போது நினைப்பது கோட்டை ஸ்டேஷனை. காலை வண்டி அங்கே சிறிது நேரம் நிற்கும். ஜன்னலோரம் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பிளாட்பாரத்தில் ஒருவர் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடிவந்தார். மணவாளய்யங்கார்! இடுப்புவரை நனைந்து சேறாக இருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். ராத்திரி தண்ணீர் ஏறிப் பூவரசின் கீழ்க்கிளைகளைத் தொட்டுவிட்டதாம். நாங்கள் தேடாமல் விட்ட கிளைகள் அவை. விடிந்ததும் ஆற்றில் இறங்கி, மிச்சம் இருந்த குஞ்சுகளை எல்லாம் எடுத்துவிட்டு, பாலத்தின்மேல் நடந்தே வந்திருக்கிறார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். வழியில் அவற்றுக்கு இரையாக மாவுப்பூச்சிகளையும் அவர் கையாலேயே எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்.

விசில் ஊதியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது அவர் பூப்பறித்து மாலை கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டிய வேளை. மூன்று தலைமுறையாக அந்த மாலை தாமதித்ததில்லை என்று அவரே சொல்லியிருந்தார். சுவாமி, மாலை என்னாயிற்று என்று கேட்டேன். அவர் வண்டியோடு இரண்டு அடி நடந்தபடியே சொன்னார்:

"பெருமாள் காத்துண்டிருப்பார். ரயில் காத்துண்டிருக்காதே."